ஓட்டை இல்லாத போன்

2025 மார்ச். வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு போன் கடை. என் பெட்ச் நண்பி ஒருத்திக்குத் துணையாகப் போயிருந்தேன். அவளுக்கு ஊர் பதுளை மாவட்டம், பசறைப் பக்கம் ஒரு தோட்டம். வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்து கெம்பஸுக்கு வருகிறாள். இரண்டு பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். அந்தக் காசைச் சேர்த்து அப்பாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்பாவின் பழைய போனும் அவளுடைய பேக்கில் இருந்தது. திரை வெடித்திருந்தது. கொழும்பில் திருத்தலாமா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டிருந்தார்.

கடைக்கார அண்ணா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இதைத் தந்தீங்க எண்டா 2,500 கழிச்சு விடலாம்" என்றார்.

அவள் யோசித்தாள். "அப்பா இதுலதான் ரேடியோ கேப்பாரு" என்றாள் என்னிடம்.

"புதுசுல எல்லாம் இருக்கும். திரை போனதை வச்சுக்கொண்டு என்ன செய்யப் போற? குடு" என்றேன் நான்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

காசு கட்டி முடிந்த பிறகு அவள் புதுப் போனை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கீழே சார்ஜ் போடுகிற இடம் மட்டும்தான் இருந்தது. "ஹேண்ட்ஸ்ஃப்ரீ குத்துற ஓட்டை எங்க அண்ணா?" என்று கேட்டாள்.

"இப்ப அது வாறதில்லை தங்கச்சி. எல்லாம் புளூடூத் தானே."

சரி என்று வந்துவிட்டோம். வாசலில் நின்று சோடா குடித்தோம். அவளுக்குச் சந்தோஷம், அதனால் எனக்கும் சந்தோஷம்.

மூன்று மாதத்தில் என்னுடைய போனும் போய்ச் சேர்ந்தது. எனக்குக் கிடைத்ததும் ஓட்டை இல்லாத ஒன்றுதான். நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். காலையில் 155 பஸ்தான் எனக்கு வழி. அந்தப் பயணத்தில் என் காதில் எப்போதும் ஒரு வயர் தொங்கும். பாதி நாள் பாட்டு, பாதி நாள் முதல்நாள் லெக்சரின் ரெக்கோடிங். சில நாள் எதுவுமே ஓடாது. பஸ்ஸில் தனியாகப் போகிற பெண்பிள்ளைகளுக்கு இது விளங்கும். காதில் வயர் தெரிந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவர் "எந்த இடம்? எங்க படிக்கிற?" என்று தொடங்க மாட்டார். 400 ரூபாய்க்கு ஒரு வேலி. புளூடூத் மொட்டுகள் முடிக்குள் ஒளிந்துவிடும், அவை வேலிக்கு உதவாது.

அதோடு சார்ஜ். முன்பு ஒரு சாமானுக்குத்தான் சார்ஜ் போட்டேன். இப்போது போனுக்கு, மொட்டுகளுக்கு, மொட்டுகள் தூங்குகிற பெட்டிக்கு. ஒரு நாள் மறந்தால் மறுநாள் பஸ்ஸில் வெறுங்காது. இதெல்லாம் பெரிய துயரம் என்று சொல்ல வரவில்லை. எரிச்சல், அவ்வளவுதான். அந்த எரிச்சலில்தான் இந்த ஓட்டை எங்கிருந்து வந்தது, ஏன் போனது என்று தேடத் தொடங்கினேன்.

நம்முடைய போன்களில் இருந்த 3.5 மில்லிமீற்றர் ஓட்டையின் பாட்டன் தொலைபேசி இணைப்பகத்தில் பிறந்தவன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஒருவரின் அழைப்பை இன்னொருவரோடு சேர்க்க வேண்டுமென்றால், இணைப்பகத்தில் ஒருவர் பலகைக்கு முன் இருந்து வயரை ஒரு ஓட்டையிலிருந்து இழுத்து மற்றதில் குத்த வேண்டும். அதற்காக வந்தது 6.35 மில்லிமீற்றர் பிளக். அது இன்றும் கித்தாரில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் கைக்கு அடக்கமாக வந்தபோது பிளக்கும் சிறுத்தது. 1979இல் சோனி முதல் வோக்மேனை விற்றபோது இந்தச் சின்ன ஓட்டை உலகம் முழுக்கப் பரவியது.

தேடிப் போனதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று கிடைத்தது. அந்த முதல் வோக்மேனில் ஹெட்போன் ஓட்டை இரண்டு இருந்தது. இரண்டு பேர் ஒரே கசெட்டைக் கேட்கலாம். இடையில் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் அமத்துவதற்கு ஒரு பட்டனும் இருந்தது. தனியாகப் பாட்டுக் கேட்பதற்கென்றே செய்த சாமானில்கூடப் பக்கத்தில் இருப்பவரை நினைத்திருக்கிறார்கள். பிறகு இரண்டு ஒன்றானது. இப்போது ஒன்றும் இல்லை.

இல்லாமல் போன கதை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2016 செப்டெம்பர் 7ஆம் திகதி ஆப்பிள் ஐபோன் 7ஐ அறிமுகப்படுத்தியது. அதற்கு முதலே ஒப்போ, மோட்டோரோலா போன்றவை ஓட்டை இல்லாத போன்களை விட்டிருந்தன, ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது இதைத்தான். மேடையில் நின்ற பில் ஷில்லர் இதற்கான காரணத்தை ஒரே சொல்லில் சொன்னார்: துணிச்சல். அதே மேடையில் 159 டொலர் ஏர்பொட்ஸும் அறிமுகமானது. துணிச்சலும் விலைப்பட்டியலும் ஒரே நாளில் வந்தன.

அப்போது கூகுளும் சம்சுங்கும் ஆப்பிளைக் கிண்டல் பண்ணின. 2017இல் கூகுள் பிக்சல் 2இல் ஓட்டையை எடுத்தது. 2019இல் சம்சுங் நோட் 10இல் எடுத்தது. முதலில் பெட்டிக்குள் ஒரு சின்ன அடாப்டர் வைத்துக் கொடுத்த ஆப்பிள் 2018இல் அதை நிறுத்தியது, 2020இல் வயர் இயர்போனையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டது. விலையுயர்ந்த போன்களில் தொடங்கிய வழக்கம் இப்போது நம்முடைய விலைக்கு இறங்கி வந்திருக்கிறது. சம்சுங்கின் ஏ15இல் ஓட்டை இருந்தது. அடுத்து வந்த ஏ16இல் இல்லை. கெம்பஸ் பிள்ளைகள் வாங்குகிற போன் எதுவென்று தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களின் அர்த்தம் விளங்கும்.

காரணம் இல்லாமலும் எடுக்கவில்லை. உள்ளே இடம் பிடிக்கிறது, அந்த இடத்தில் பெரிய பேட்டரி வைக்கலாம் என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது. தண்ணீர் போகும் என்றும் சொன்னார்கள். அது அவ்வளவு சரியில்லை. 2016இல் வந்த கெலக்ஸி எஸ்7 ஓட்டையோடுதான் தண்ணீர் தாங்கியது. சோனி இன்னும் வேடிக்கை. எக்ஸ்பீரியா 1ஐ ஓட்டை இல்லாமல் விட்டுவிட்டு, 2020இல் அடுத்ததில் திரும்பக் கொண்டு வந்தது, அதுவும் தண்ணீர் தாங்குகிற போனில். ஆக, மனம் இருந்தால் வைக்கலாம்.

புளூடூத் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. சமைக்கும்போது அம்மா அதைத்தான் காதில் போட்டுக்கொண்டு பெரியம்மாவோடு கதைக்கிறார், வயர் அடுப்பில் படும் பயம் இல்லை. வேண்டியவர் வாங்கட்டும். ஓட்டை இருந்தபோதும் புளூடூத் இருந்தது. இரண்டில் ஒன்றை நாம் தெரிவு செய்யலாம். இப்போது அந்தத் தெரிவு கடைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எங்கள் பெட்சில் பார்வையில்லாத மாணவர் ஒருவர் இருக்கிறார். போன் திரையில் இருப்பதை அவருக்கு அந்தப் போனே வாசித்துச் சொல்லும். விரல் வைக்கிற ஒவ்வொரு எழுத்தும் காதில் கேட்கும். நாங்கள் கண்ணால் தட்டச்சு செய்வது போல அவர் காதால் செய்கிறார். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். படம் பார்க்கும்போது போன் தானே அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், அதனால் நமக்குத் தெரியாது. தட்டச்சில் அப்படிச் சரிக்கட்ட முடியாது. "நான் 'க' தொட்டு, அடுத்த எழுத்துக்குப் போன பிறகுதான் 'க' எண்டு கேக்கும். சில நேரம் சொல்லுட முதல் எழுத்தே விழுங்கிப் போகும்" என்று அவர் சொன்னார். லெக்சர் ஹோலில் போனைச் சத்தமாக வைக்கவும் முடியாது. மொட்டில் சார்ஜ் முடிந்தால் எனக்குப் பாட்டு நிற்கும், அவருக்கு வாசிப்பே நிற்கும். அவர் இன்னும் பழைய போனில்தான் இருக்கிறார். அது பழுதாகக் கூடாது என்று கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருக்கிறார்.

இனி ரேடியோவுக்கு வருகிறேன்.

போனில் எஃப்எம் கேட்கப் போனால் "ஹேண்ட்ஸ்ஃப்ரீயைச் செருகவும்" என்று வருமே, ஞாபகம் இருக்கா? ஏதோ பழைய சம்பிரதாயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல. அந்த வயர்தான் அன்டெனா. எஃப்எம் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீற்றர். அதில் கால்வாசி நீளம், 75 சென்ரிமீற்றர் அளவு கம்பி இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கலாம். கையளவு போனுக்குள் அதற்கு இடம் எங்கே? காதுக்குப் போகிற வயரையே கம்பியாகப் பாவித்தார்கள். ஓட்டை போனதோடு அந்தக் கம்பியும் போனது. கம்பி போனதால் பல போன்களில் ரேடியோவையே எடுத்துவிட்டார்கள்.

யார் இப்போது ரேடியோ கேட்கிறார்கள் என்று கேட்கலாம். ஆப்பில் கேட்கலாமே என்றும் சொல்லலாம். ஆப்புக்கு டேட்டா வேண்டும், டேட்டாவுக்குக் காசு வேண்டும், இரண்டுக்கும் மேல் கோபுரத்துக்குக் கரண்ட் வேண்டும். எஃப்எம்முக்கு இது ஒன்றும் வேண்டாம். ரீலோட் இல்லாத போனில், சிம் இல்லாத போனில்கூட அது பாடும்.

2022 மார்ச் கடைசியில் நான் ஏ.எல். எழுதி முடித்து வீட்டில் இருந்தேன். அந்த மாதம் 31ஆம் திகதி கரண்ட் கட் 13 மணித்தியாலத்துக்குப் போனது. உங்களுக்கும் மறந்திருக்காது. கட் நீளமாகப் போனால் கோபுரங்களின் பேட்டரியும் இறங்கிவிடும், சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறையும். எங்கள் வீட்டில் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் அம்மம்மா இருப்பார். என் பழைய போனில் ஹேண்ட்ஸ்ஃப்ரீயைக் குத்தி, ஒரு பக்கம் அவருக்கு, ஒரு பக்கம் எனக்கு. அவருக்கு இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கேட்க வேண்டும், எனக்கு நாளைக்கு எத்தனை மணிக்குக் கட் என்று தெரிய வேண்டும். வயர் கட்டை என்பதால் தலையோடு தலை முட்ட இருப்போம். அம்மம்மாவின் தலையில் நல்லெண்ணெய் மணக்கும். "இவர் எங்கட பழைய ஒழுங்கையில இருந்த மனுசன் எல்லோ" என்று ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு கதை சொல்வார். அந்த வயருக்கு அன்டெனா வேலையும் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. 2017 செப்டெம்பரில் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவை அடித்தபோது அங்கே செல்போன் கோபுரங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் செயலிழந்தன. அந்த மாதமே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் தலைவர் அஜித் பை, ஐபோனில் இருக்கிற எஃப்எம் வசதியைத் திறந்துவிடுங்கள் என்று ஆப்பிளிடம் பகிரங்கமாகக் கேட்டார். ஐபோன் 7இலும் 8இலும் எஃப்எம் சிப்பும் இல்லை, அதற்கான அன்டெனாவும் இல்லை என்று ஆப்பிள் பதில் சொன்னது. திறப்பதற்கு அங்கே கதவே இல்லை.

எட்டு வருஷம் கழித்து அதே கதை நம் ஊருக்கும் வந்தது.

2025 நவம்பர் 28. டித்வா புயல். கொழும்பில் எங்களுக்குத் தண்ணீர், மலையகத்தில் மண். பதுளை, நுவரெலியா, கண்டி என்று ஒவ்வொரு செய்தியாக வந்துகொண்டிருந்தது. நண்பி வீட்டுக்கு எடுத்த அழைப்பு எதுவும் போகவில்லை. முதல் நாள் "நெட்வேக் பிஸியா இருக்கும்" என்றோம். இரண்டாம் நாள் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நான் வெள்ளவத்தைக்குப் போய் அவளோடு போர்டிங்கிலேயே தங்கினேன். இரவில் அவள் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை எடுப்பாள். அதே பதிவுக் குரல்.

நாலாம் நாள் மத்தியானம் அவளுடைய அப்பாவே எடுத்தார். யாரோ ஒருவரின் போனிலிருந்து, சிக்னல் கிடைக்கிற ஒரு மேட்டில் நின்று. எல்லோரும் பத்திரம். அவள் அழுது முடித்த பிறகு ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்டேன்.

முதல் இரவே கரண்ட் போயிருக்கிறது, விடியும்போது சிக்னலும் இல்லை. அவருடைய புதுப் போனில் டோர்ச் மட்டும்தான் வேலை செய்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. அதில் ஹேண்ட்ஸ்ஃப்ரீயைக் குத்தி, வயரை யன்னல் கம்பியில் நீட்டிக் கட்டி, ஸ்பீக்கரைப் போட்டு, லயத்தில் இருந்த ஆறு குடும்பமும் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். மண்சரிவு அபாயம் உள்ள பிரிவுகளின் பெயர்களை அதில்தான் வாசித்தார்கள். தங்களுடைய பிரிவின் பெயர் வந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அவர்களுடைய லயத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. மேலே மண் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. ரேடியோதான் உயிரைக் காப்பாற்றியது என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்த இரவில் போகலாமா இருக்கலாமா என்று முடிவெடுக்க அவர்களிடம் இருந்த ஒரே செய்தி அந்த ஒரு வயர் வழியாகத்தான் வந்தது.

கடைசியில் அவர் சொன்னார்: "புது போனு நல்லாத்தான் இருக்கு புள்ள. ரேடியோ மட்டுந்தான் இல்ல. பழசு இருந்தா எங்க வீட்லயும் பாடியிருக்கும்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. பகிடி மாதிரித்தான் சொன்னார். நண்பி என்னைப் பார்க்கவும் இல்லை. நான்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "புதுசுல எல்லாம் இருக்கும்" என்று சொன்ன வாய் என்னுடையது. அந்தக் கடைக்கார அண்ணா 2,500 ரூபாய்க்கு வாங்கிய திரை வெடித்த போனில் ரேடியோ ஒழுங்காக வேலை செய்தது. நானோ வெடித்த திரையை மட்டும்தான் பார்த்தேன்.

இதில் என்னைத் தொந்தரவு செய்கிற விஷயம் இதுதான். ஓட்டையை எடுத்தவர்களுக்கு அது தேவையில்லை. அவர்கள் ஊரில் கரண்ட் 13 மணித்தியாலம் போவதில்லை, அவர்கள் பஸ்ஸில் வேலி போட வேண்டியதில்லை. நானும் அன்று கடையில் அவர்களைப் போலத்தான் யோசித்தேன். எனக்குத் தேவையில்லாததை யாருக்கும் தேவையில்லை என்று முடிவு செய்தேன். கொழும்பில் இருந்துகொண்டு பசறைக்குத் தீர்ப்புச் சொன்னேன்.

டிசம்பரில் இரண்டு பேரும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனோம். எனக்கு ஒரு அடாப்டர், அவளுடைய அப்பாவுக்கு ரேடியோ உள்ள ஒரு பட்டன் போன். அதற்கு நான்தான் காசு கொடுப்பேன் என்று அடம்பிடித்துக் கொடுத்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

அடாப்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெறும் வயர், போனே சத்தத்தை ஒலியாக மாற்றி அனுப்பினால்தான் அது வேலை செய்யும். மற்றதுக்குள் அந்த மாற்றுகிற சிப் இருக்கும். பல போன்களுக்கு இரண்டாவதுதான் சரிவரும். கடையிலேயே உங்கள் போனில் குத்திப் பாட்டுப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கி, கொட்டாஞ்சேனை வந்து சேர்ந்த பிறகு அது ஊமை என்று கண்டுபிடித்தேன். இரண்டாம் தடவை போய் வாங்கியது இப்போது என் பேக்கின் முன் சிப்பில் இருக்கிறது. அதைக் குத்தியிருக்கும்போது சார்ஜ் போட முடியாது. சார்ஜ் போட்டால் கேட்க முடியாது. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது.

2024 ஜனவரி முதல் போனுக்கும் 18 சதவீத வட் வந்துவிட்டது. நம்மில் யாரும் இனி ஆசைக்குப் போன் மாற்றப் போவதில்லை, பழையது செத்தால்தான் மாற்றுவோம். அப்படி மாற்றப் போகும்போது, முக்கியமாக ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு வாங்கும்போது, கேமரா எத்தனை என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஓட்டை இருக்கா? ரேடியோ பாடுமா? கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். இரண்டும் உள்ள போன்கள் இன்னும் கடைகளில் இருக்கின்றன, விலை குறைந்த தட்டில்.

பட்டன் போன் ஜனவரியில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று இரவு நண்பியின் அப்பா எடுத்தார். ஹலோ சொல்லவில்லை. போனை ரேடியோவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இருந்தார். இரைச்சலுக்கு நடுவில் ஒரு பழைய பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவளும் ஒன்றும் பேசாமல் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள். பாட்டு முடியும் வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.